காய்ச்சலுக்கு இலாகா தெரியாது



மருத்துவர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் இனிப்பு நீரைப் பற்றியோ ரத்தக் கொதிப்பைப் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்ப்பது வழக்கம். இரண்டும் நம் மக்களை அரித்துத் தின்பவைதாம். ஆனால் அவற்றைப் பற்றிப் பேச இங்கே ஆளுக்குக் குறைவில்லை. நான் வேறொரு கேள்வியை எடுத்து வந்திருக்கிறேன். லைம் நோய் வந்தவர்கள் ஏன் தோல் மருத்துவர், நரம்பு மருத்துவர், இதய மருத்துவர், மூட்டு மருத்துவர் என்று வாசல் வாசலாக ஏறி இறங்குகிறார்கள்? பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பிள்ளைகள் படிக்கிற வீடுகளில் இப்போது இந்தப் பெயர் அடிபடுகிறது. நோய் அந்த ஊர்களுடையது. ஆனால் கேள்விக்கான பதிலில் பாதி நம் கோலசிலாங்கூர் மாவட்டத்துச் செம்பனைக் காட்டிலேயே கிடக்கிறது என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் நோய். போரேலியா என்ற சுருள் வடிவ நுண்ணுயிர், காட்டு எலியையும் மானையும் அண்டி வாழும் உண்ணியின் வாயிலிருந்து மனிதனுக்குள் போகிறது. சில நாளிலோ சில வாரத்திலோ கடித்த இடத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் விரியும். வலிக்காது, அரிக்காது, முதுகிலோ முழங்காலின் பின்புறமோ இருந்தால் பார்க்கவும் மாட்டோம். அந்தக் கட்டத்தில் யாராவது கண்டுபிடித்து டாக்சிசைக்ளின் மாத்திரையை இரண்டு வாரம் கொடுத்தால் பெரும்பாலோருக்குக் கதை அங்கேயே முடிந்துவிடும். ஒரு நிபுணரும் தேவையில்லை, பக்கத்து கிளினிக் டாக்டர் போதும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பல நிபுணர்களைப் பார்ப்பது ஏதோ மேலான சிகிச்சை என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது.

கண்டுபிடிக்காமல் விட்டால் நுண்ணுயிர் ரத்தத்தில் ஏறிப் பயணம் போகிறது. சிலருக்கு முகம் ஒரு பக்கம் கோணிப்போகும். சிலருக்கு இதயத்தின் மின்னோட்டம் தடைப்பட்டு நாடி நாற்பதுக்கு இறங்கும். தற்காலிகமாகப் பேஸ்மேக்கர் வைக்க வேண்டிவரும், மருந்து வேலை செய்ததும் அந்தத் தடை பெரும்பாலும் தானே விலகிவிடும். சில மாதம் கழித்து முழங்கால் வீங்குகிறவர்களும் உண்டு. முகம் கோணியவர் நரம்பு மருத்துவரிடம் போவார், இமை மூடாத கண்ணைக் காப்பாற்றக் கண் மருத்துவரிடமும் போவார். மயங்கி விழுந்தவர் இதயப் பிரிவுக்கு. முழங்கால் வீங்கியவர் மூட்டு மருத்துவரிடம். போகாமல் எப்படி? இதயத் தடைக்குக் கம்பி செலுத்தத் தோல் மருத்துவரைக் கூப்பிட முடியுமா?

ஆக, பல நிபுணர் தேவைப்படுவது நோயின் சுபாவம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. அதை இந்த நோயின் வரலாறே காட்டுகிறது.

1909இல் ஸ்வீடனில் அஃப்ஸேலியஸ் என்ற தோல் மருத்துவர், உண்ணி கடித்த இடத்திலிருந்து விரியும் சிவப்பு வட்டத்தைத் தம் சக மருத்துவர்களிடம் விவரித்தார். 1922இல் பிரான்சில் காரன், புஜாடூ என்ற இருவர், உண்ணிக் கடிக்குப் பிறகு நரம்பு வலியும் செயலிழப்பும் வந்த ஒருவரைப் பற்றி எழுதினார்கள். 1941இல் ஜெர்மனியில் பான்வார்த் அதே நரம்புத் தொல்லையை இன்னும் விரிவாக எழுதினார். தோல்காரர்கள் தோல் ஏட்டில் எழுதினார்கள், நரம்புக்காரர்கள் நரம்பு ஏட்டில் எழுதினார்கள். பிறகு 1975இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஓல்டு லைம் என்ற ஊரில் பிள்ளைகளுக்கு முழங்கால் வீங்கியது. பாலி மரே என்ற அம்மாள் அதற்கு முன் பல ஆண்டுகளாகத் தமக்கும் தம் குடும்பத்துக்கும் வந்த தடிப்பு, தலைவலி, மூட்டு வலி எல்லாவற்றையும் தாமே குறித்துவைத்துக்கொண்டு மருத்துவர் மருத்துவராக அலைந்தவர். எல்லாம் மனப்பிரமை என்று சொன்னவர்களும் உண்டு. அவரும் இன்னொரு தாயும் சுகாதாரத் துறைக்குச் சொன்ன பிறகு, யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீயர் ஊருக்கு வந்து விசாரித்தார். 1977இல் 51 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களில் 39 பேர் குழந்தைகள். அவர் மூட்டு மருத்துவர். ஆகவே முதலில் அதற்கு லைம் மூட்டழற்சி என்று பெயர் வந்தது. 1981இல் வில்லி பர்க்டார்ஃபர் உண்ணியின் வயிற்றுக்குள் சுருள் நுண்ணுயிரைக் கண்டார். அதன் பிறகுதான் தோலும் நரம்பும் மூட்டும் இதயமும் ஒரே நோயின் அத்தியாயங்கள் என்பது உறுதியானது.

அஃப்ஸேலியஸிலிருந்து எண்ணினால் எழுபது ஆண்டுக்கு மேல். அவ்வளவு காலம் ஒரு நோய் மூன்று இலாகாக்களின் அலமாரியில் மூன்று கோப்பாகக் கிடந்தது. எல்லாக் கோப்பையும் முதலில் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர் எந்த நிபுணரும் இல்லை, ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்த தாய்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். மலேசியாவில் லைம் நிலைபெற்ற நோய் என்று சொல்ல முடியாது. இங்கே எலிகளின் மேலிருந்து எடுத்த உண்ணிகளில் லைம் குடும்பத்தைச் சேர்ந்த போரேலியாவை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள் என்பது உண்மை. அதைக் கேட்டு நாளைக்கே ரத்தம் கொடுக்க ஓட வேண்டாம். நோய் அரிதான இடத்தில் அந்த ரத்தப் பரிசோதனை இல்லாததை இருப்பதாகக் காட்டும் வாய்ப்பு அதிகம். நம் தோட்டங்களில் வாழையடி வாழையாக இருக்கும் நோய் அதன் பங்காளி: உண்ணிக் காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ். தமிழ்நாட்டிலிருந்து வருகிற நாளிதழ்களில் இந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். கடிப்பது மாட்டில் ஒட்டும் பெரிய உண்ணி கிடையாது. கண்ணுக்கு ஏறக்குறைய தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவு, செம்மஞ்சள் நிறம். அது வாழ்நாளில் ஒரே முறை, குஞ்சாக இருக்கும்போதுதான் உயிருள்ள உடம்பைத் தேடி வரும். எலி கிடைத்தால் எலி. லாலான் புல்லில் உட்கார்ந்து சோறு சாப்பிடும் மனிதன் கிடைத்தால் மனிதன். நோய்க்கிருமி தாய் உண்ணியிலிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போகிறது. அதனால் ஒரு புல்வெளியில் குடியேறிவிட்டால் வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும்.

லாலான் காடு இயற்கை தந்தது என்று நினைக்கிறோம். காட்டை அழித்து, கொஞ்ச காலம் அப்படியே போட்டுவிட்டால் வருவது அது. போருக்குப் பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் உண்ணிக் காய்ச்சலை ஆராய்ந்த ரால்ஃப் ஆடி, சிற்றுண்ணிகள் எங்கும் பரவி இருப்பதில்லை, தீவு தீவாக இருக்கின்றன என்றும், அந்தத் தீவுகளில் பலவற்றை மனிதன்தான் உண்டாக்குகிறான் என்றும் விளக்கினார். நம் மாவட்டத்தின் கதை அதற்குப் பொருந்தும். 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அன்று பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தெனமாரம் தோட்டத்தில் செம்பனையை வாணிகத்துக்காக நட்டார். மலேசியாவின் முதல் செம்பனைத் தோட்டம் அதுதான்.  செம்பனைப் பழம் எலிக்கு விருந்து. எலி வந்தால் சிற்றுண்ணி வரும். இன்று எலியை ஒழிக்கத் தோட்டங்களில் பெட்டி கட்டிக் கூகை வளர்க்கிறார்கள். அன்று அந்த யோசனை யாருக்கும் இல்லை. பால்மரக் காட்டில் வெட்டிச் சுத்தமான நிறைகளில் நின்றவர்களைவிட, இளஞ்செம்பனைக்கு நடுவே புல்லில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு இந்தக் காய்ச்சல் அதிகம் வந்ததில் ஆச்சரியமில்லை.

அவர்களுக்கு என்ன மருந்து கொடுத்தார்கள்? கொயினா. அந்தக் காலத்துத் தோட்டத்தில் காய்ச்சல் என்றால் மலேரியா, மலேரியா என்றால் கொயினா. பெரும்பாலும் அது சரியாகவும் இருந்தது. மருத்துவர் மால்கம் வாட்சன் கிள்ளானில் சதுப்பை வடிக்கத் தொடங்கிய 1901 முதல் சிலாங்கூரின் கரையோரம் முழுவதும் மலேரியாவோடு மல்லுக்கு நின்ற பூமி. ஆனால் கொயினாவுக்கு அடங்காத காய்ச்சலும் இருந்தது. பன்னிரண்டு நாள், பதினான்கு நாள் விடாமல் காய்ந்து, காது அடைத்து, பிதற்றிச் செத்தவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய சாவும் பதிவேட்டில் காய்ச்சல் என்ற ஒரு சொல்லுக்குள் போய்விட்டது.

அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தவர்கள் 1900இல் தொடங்கப்பட்ட கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தார். 1920களில் வில்லியம் ஃபிளெட்சரும் லெஸ்லரும் மலேரியா கிருமி இல்லாத காய்ச்சல்காரர்களின் ரத்த நீரை எடுத்து, புரோட்டியஸ் என்ற நுண்ணுயிரோடு கலந்து பார்த்தார்கள். டைபஸ் வந்தவரின் ரத்த நீர் அந்த நுண்ணுயிரைத் திரளவைக்கும். இது அப்போது உலகம் முழுவதும் நடப்பிலிருந்த சோதனை. அவர்களிடம் அந்த நுண்ணுயிரின் இரண்டு வித்துகள் இருந்தன. ஒன்று வார்சாவிலிருந்து வந்தது. மற்றொன்று கிங்ஸ்பரி என்ற மருத்துவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று எல்லோரும் நம்பினார்கள். ஆனால் பட்டணத்துக் கடைகளில் வேலை செய்து காய்ச்சல் வந்தவர்களின் ரத்தம் வார்சா வித்தைத் திரட்டியது. தோட்டத்துப் புல்லில் வேலை செய்தவர்களின் ரத்தம் கிங்ஸ்பரி வித்தைத் திரட்டியது. கடை டைபஸ் வேறு, காட்டு டைபஸ் வேறு என்று இப்படித்தான் தெரிய வந்தது. முன்னது எலித் தெள்ளால் வருவது, பின்னது சிற்றுண்ணியால் வருவது. கிங்ஸ்பரியின் வித்து எப்படியோ மாறிப்போயிருந்தது ஒரு அதிர்ஷ்டம். ஆனால் நோயாளியின் ரத்தத்தோடு அவர் எங்கே, என்ன வேலை செய்தார் என்பதையும் சேர்த்து எழுதிவைத்தார்களே, அது அதிர்ஷ்டமில்லை. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் இரண்டு வகைத் திரளும் வெறும் ஆய்வகக் குழப்பமாகவே முடிந்திருக்கும்.

அதே மருத்துவர்கள் இன்னொரு பிரிவினையும் செய்தார்கள். அது தவறாகிப்போனது. ஜப்பானில் சுட்சுகாமுஷி என்று ஒரு காய்ச்சல் உண்டு. கடித்த இடத்தில் கறுத்துக் காய்ந்த பொருக்கோடு ஒரு வட்டப் புண் இருக்கும். மலாயாவிலும் அந்தப் புண்ணோடு சிலர் வந்தார்கள். புண் இருந்தால் சுட்சுகாமுஷி, இல்லாவிட்டால் காட்டு டைபஸ் என்று இரண்டு பெயரில் இரண்டு நோயாக வைத்திருந்தார்கள். லெவ்த்வெய்ட்டும் இந்தியரான சவூரும் 1930கள் முழுவதும் விலங்குகளில் சோதித்துச் சோதித்து, இரண்டும் ஒன்றே என்று 1940இல் முடிவு சொன்னார்கள். இங்கே ஒரு சந்தேகத்தைச் சொல்லிவைக்கிறேன், இதற்கு ஆதாரம் கேட்காதீர்கள். அந்தப் புண் வலிக்காது. அக்குளில், இடுப்பு மடிப்பில், தொடை இடுக்கில், பெண்களுக்கு மார்புக்குக் கீழே ஒளிந்திருக்கும். வெள்ளைத் தோலில் உடனே தெரியும். கறுத்த தோலில் தேடினால்தான் தெரியும். சேலை கட்டிய தோட்டத்துப் பெண்ணின் இடுப்பு மடிப்பை அன்றைக்கு எந்த மருத்துவர் பார்த்திருப்பார்? புண் இல்லாதவர்கள் என்று எழுதப்பட்டவர்களில் எத்தனை பேருக்குப் புண் இல்லை, எத்தனை பேருக்கு யாரும் பார்க்கவில்லை என்று எனக்கு எப்போதும் ஒரு கேள்வி உண்டு.

1948 மார்ச்சில் ஜோசஃப் ஸ்மாடெல் தலைமையில் ஒரு அமெரிக்கக் குழு குளோரோமைசிட்டின் என்ற புது மருந்தோடு கோலாலம்பூரில் இறங்கியது. லெவ்த்வெய்ட்டும் சவூரும் அதில் சேர்ந்தார்கள். அதுவரை உண்ணிக் காய்ச்சலுக்கு நம்பத்தக்க மருந்து கிடையாது. தண்ணீர் கொடுத்து, துடைத்துவிட்டு, காத்திருப்பதுதான். இந்த மருந்து கொடுத்தவர்களுக்குக் காய்ச்சல் ஒன்றிரண்டு நாளில் இறங்கியது. அதைவிடச் சுவையானது அடுத்து நடந்தது. உண்ணிக் காய்ச்சல் என்று நினைத்து மருந்து கொடுக்கப்பட்ட சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு என்று பிறகு தெரிந்தது. அவர்களும் தேறினார்கள். டைபாய்டுக்கு உலகத்தில் முதல் மருந்து கிடைத்தது இப்படி, நம் நாட்டில், ஒரு நோயை இன்னொன்றாக எண்ணியதால். இரண்டுக்கும் வேலை செய்யும் மருந்து கையில் இருந்ததால் அந்தப் பிழை வரமாக முடிந்தது. எல்லா நாளும் அப்படி வாய்க்காது. பென்சிலின் குடும்பத்து மருந்துகள், இன்று காய்ச்சலோடு வார்டில் சேர்ந்தால் முதலில் ஏற்றுகிறவை, உண்ணிக் காய்ச்சலைத் தொடுவதே இல்லை.

இன்றைக்கு எப்படி? உதிரிப் பழம் பொறுக்கும் ஓர் அக்கா என்று வைத்துக்கொள்வோம். தோட்ட லயத்தில் இல்லை, பெஸ்தாரி ஜெயா பக்கம் தாமானில் குடியிருக்கிறார். குத்தகைக்காரரின் லோரியில் தோட்டத்துக்குப் போய் வருகிறார். காய்ச்சல் வந்து நான்காம் நாள் கிளினிக்குக்குப் போகிறார். ஒரு ரிங்கிட். இந்தக் காலத்தில் காய்ச்சல் என்றால் டிங்கி. பரிசோதிக்கிறார்கள், இல்லை என்று வருகிறது. தட்டணுக்கள் மட்டும் கொஞ்சம் குறைவு, அதனால் தினமும் வந்து ரத்தம் கொடுக்கச் சொல்கிறார்கள். ஏழாம் நாள் காதில் இரைச்சல். தனியார் கிளினிக்கில் காதுக்குச் சொட்டு மருந்து. ஒன்பதாம் நாள் இருமல், மூச்சு வாங்குகிறது. தஞ்சோங் காராங் மருத்துவமனையில் நிமோனியா என்று சேர்க்கிறார்கள். அங்கிருந்து பெரிய மருத்துவமனை. சிறுநீர் குறைந்ததால் சிறுநீரக மருத்துவர். பிதற்றியதால் நரம்பு மருத்துவர், மூளையைப் படம் எடுக்கச் சொல்கிறார். நாடி தாறுமாறாக ஓடியதால் இதய மருத்துவர். கண் சிவந்திருக்கிறது என்று யாரோ கண் மருத்துவருக்கும் எழுதிவிட்டார்கள்.

இதில் ஒருவரும் தவறு செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். காதும் நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் இதயமும் நிஜமாகவே கெட்டிருந்தன. இந்தக் கிருமி ரத்தக் குழாய்களின் உட்சுவரில் குடியேறுகிறது, ரத்தக் குழாய் இல்லாத உறுப்பு உடம்பில் ஏது? ஒவ்வொரு நிபுணரும் தம் உறுப்பைக் காப்பாற்றினார். ஆனால் அக்கா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டவர் யார்? முதல் தாளில் வேலை என்ற கட்டத்தில் குடும்பப் பெண் என்று எழுதியிருந்தது. பிறகு வந்த எல்லாத் தாளும் அதையே பார்த்து எழுதின. இடுப்பில் நாடா கட்டும் இடத்தில் இருந்த கறுத்த புண்ணை யாராவது பார்த்து, அன்றைக்கே டாக்சிசைக்ளின் தொடங்கியிருந்தால், இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கியிருக்கும். ஒரு வாரத்துக்கான அந்த மாத்திரை ஒரு தட்டு நாசி லெமாக்கைவிட அதிகம் விலை போகாது. கர்ப்பிணியாக இருந்தால் அசித்ரோமைசின் இருக்கிறது. முற்றிப்போனவர்களுக்கு இரண்டையும் சேர்த்து நரம்பில் ஏற்றுவது தனித்தனியாக ஏற்றுவதைவிட நல்லது என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்திய மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023இல் காட்டியது. நம் மக்களின் பூர்வீக ஊர்களுக்குப் பக்கத்திலிருந்து வழிநடத்திய ஆய்வு. பெருமைக்காகச் சொல்லவில்லை, நோய் இன்னும் போகவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பல மருத்துவர்கள் பார்த்ததால் அந்த அக்காவுக்குக் கேடு வரவில்லை. பலர் பார்த்தார்கள், யாரும் ஒன்றுசேர்த்துப் பார்க்கவில்லை. இதுதான் லைம் நோயாளியின் கதையும். அவருக்கு ஐந்து நிபுணர் வேண்டியிருக்கலாம், ஆறாவதாக ஒருவர் நிச்சயம் வேண்டும்: அந்த ஐந்து பேரின் கடிதங்களையும் வாசித்து, மருந்தோடு மருந்து மோதாமல் பார்த்து, எந்த வலி பழைய நோயின் மிச்சம், எது புதிய நோய் என்று பிரித்துச் சொல்பவர். லைம் விஷயத்தில் இந்த ஆறாமவர் இல்லாததால் வரும் கேடு பணக்கேடாகவும் இருக்கிறது. சிகிச்சை முடிந்தும் சிலருக்கு அசதியும் வலியும் மறதியும் மாதக்கணக்கில் தொடர்கின்றன. அது பாசாங்கு கிடையாது. ஆனால் மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் ஏற்றினால் அது போகும் என்பது பொய். 2001இல் அமெரிக்காவிலும் 2016இல் நெதர்லாந்திலும் வெளியான ஆய்வுகள் அதில் பயன் இல்லை என்று காட்டிவிட்டன. இருந்தும் அதை விற்கும் கிளினிக்குகள் அந்த நாடுகளில் இருக்கின்றன. பிள்ளைகள் அங்கே இருப்பவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். அந்த மிச்சத் துன்பத்துக்கு வேண்டியது இயன்முறை மருத்துவரும் தூக்கமும் மனநல மருத்துவரும், பொறுமையாகக் கேட்கும் ஒரு பொது மருத்துவரும்தான். பிரான்சு அரசு 2019இல் உண்ணி நோய்களுக்கென்று ஐந்து மையங்களை அறிவித்தது. நோயாளி நிபுணர் நிபுணராக அலைவதற்குப் பதில் நிபுணர்கள் ஒன்றாகக் கூடட்டும் என்பது அதன் நோக்கம்.

நம் தோட்டங்களில் அந்த ஆறாவது ஆள் ஒரு காலத்தில் இருந்தார். டிரெசர், தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்டவர். அவருக்குக் கோயில் கட்டச் சொல்லவில்லை. மருத்துவ விடுப்புக்கு எம்.சி. கேட்டால் முறைத்தவர்கள், துரைக்கு ஆள் குறையக்கூடாது என்று காய்ச்சல்காரனைக் காலை வேலைக்கு ஆள் கூட்டும் பிரட்டுக்கு அனுப்பியவர்கள், எல்லாக் குப்பியிலும் ஒரே கலவையை ஊற்றியவர்கள் உண்டு. படிப்பும் குறைவு. ஆனாலும் ஒன்று அவருக்குத் தெரியும்: இவன் எந்த நிறையில் வேலை செய்தான், போன மாதம் மறுநடவுக்காகப் புல் வெட்டப் போன கூட்டத்தில் இருந்தானா, அந்தக் கூட்டத்தில் இன்னும் யார் யாருக்குக் காய்ச்சல். தொற்றுநோய் நிபுணர் ஒருவர் ஆயிரம் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதை அவர் ஆயாக் கொட்டகை வழியாக நடந்துபோகும்போதே தெரிந்துகொள்வார். தோட்டங்கள் துண்டாகி, ஆட்கள் தாமான்களுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் போனபோது நாம் லயத்தின் இருட்டை விட்டு வந்தோம், நல்லது. அந்த அறிவையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். இப்போது செம்பனை நிறைகளில் நிற்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளிகள். அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவருக்கான கட்டணம் நம்முடையதைவிடப் பல மடங்கு; ஆகையால் பிந்தித்தான் வருவார்கள். நம் பாட்டன்மார் படுத்த இடத்தில் இன்று அவர்கள் படுத்திருக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டு நாம் உண்ணிக் காய்ச்சலைப் பற்றிப் பேசக்கூடாது.

இனி நிபுணர்களுக்கு வருவோம். சுங்கை பூலோவில் 1930இல் தொழுநோய்க்கென்று ஒரு குடியிருப்பையே கட்டினார்கள். இன்று அதே ஊரில் தொற்றுநோய்களுக்குப் பேர்போன பெரிய மருத்துவமனை நிற்கிறது. அங்கே நிபுணர்கள் இருக்கிறார்கள், தரமானவர்கள். நிபுணர் கட்டணம் குடிமக்களுக்கு ஐந்து ரிங்கிட்; உலகத்தில் பல நாட்டுக்காரர்கள் கேட்டால் நம்ப மாட்டார்கள். நம் குறை நிபுணர் இல்லாதது அல்ல, பேருந்தும் கடிதமும்தான். மூன்று பிரிவுக்கு மூன்று நாளில் தேதி கொடுத்தால், கோலசிலாங்கூரிலிருந்து போகிறவருக்கு மூன்று நாள் கூலி போகும். இரண்டாம் தேதிக்குப் பிறகு அவர் வரமாட்டார். பரிந்துரைக் கடிதத்தில் உறுப்பின் பெயர் இருக்கும். வேலையின் பெயர் இருக்காது. சுகாதாரக் கிளினிக்குகளில் குடும்ப மருத்துவ நிபுணர் என்று ஒருவர் இருக்கிறார். பலருக்கு அவர் இருப்பதே தெரியாது. அந்த ஆறாவது நாற்காலி அவருடையது. பல பிரிவுகளுக்குப் போய்வரும் நோயாளி ஒவ்வொரு முறையும் கடைசியில் அவரிடம் திரும்பி வர வேண்டும்.

இங்கே வந்திருக்கும் இளம் மருத்துவர்களுக்கு ஒரு சொல். ஐந்து நாளைத் தாண்டிய காய்ச்சலோடு யார் வந்தாலும், செவிலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆடையை விலக்கி அக்குளையும் இடுப்பையும் தொடை இடுக்கையும் பாருங்கள். சோதனைக்கூடத்து முடிவு வர நாளாகும். அதற்காக மருந்தை நிறுத்திவைக்காதீர்கள். மக்களுக்கு: கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். காய்ச்சலுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் புல்லில், புதரில், தோட்டத்தில், மலையில் எங்கே போனீர்கள், என்ன வேலை செய்தீர்கள், எலி நடமாட்டம் உண்டா, எந்த மருந்தை எந்த நாள் தொடங்கினீர்கள். குடும்பப் பெண் என்று எழுதவிடாதீர்கள். பழம் பொறுக்குகிறேன், புல் வெட்டுகிறேன் என்று சொல்லுங்கள்.

தம் பெற்றோர் நினைவாக இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளைக் குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ஆண்டுதோறும் பேச்சாளருக்கு மாலையும் பொன்னாடையும் போடுகிறீர்கள். அடுத்த ஆண்டு முதல் அந்தச் செலவை மாற்றி, தமிழிலும் மலாயிலும் ஒரு மருத்துவக் குறிப்பேடு அச்சிட்டு, மாவட்டத்துக் கோயில்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் தோட்டத்து வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளிலும் கொடுங்கள். முதல் பக்கத்தில் வேலை, வேலை செய்யும் இடம். பிறகு ஒவ்வொரு பக்கமும் ஒரு மருத்துவருக்கு: தேதி, என்ன சொன்னார், என்ன கொடுத்தார். சட்டைப்பையில் நுழையும் அளவு போதும். முதல் நூறு பிரதிக்கான அச்சுக்கூலி என்னுடையது; இன்றே செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.